மெல்ஹோஸ் துப்பாக்கியின் அடிப்பக்கம்

எர்லன்டாலில் எக்கெஹார்ட் மெல்ஹோஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். முப்பது வருஷமாக வேட்டைக்குப் போகிறார், இதுவரை ஒரு முயலைக்கூடக் காயப்படுத்தியதில்லை. இரண்டும் உண்மைதான். முதலாவதை அவரே சொல்லிக்கொள்வார். இரண்டாவதைச் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

ஆனாலும் 'பச்சை மரம்' விடுதியில் வேட்டைக்காரர்கள் கூடும் மூலை மேஜையில், பெரிய கலைமான் கொம்புக்கு நேர்கீழே இருக்கும் நாற்காலி அவருக்குத்தான். நவம்பரில் நடக்கும் விரட்டு வேட்டையில், காட்டுப்பன்றிகள் கட்டாயம் கடந்துபோகும் பாறை மேடும் அவருக்குத்தான். அவரை விட நன்றாகச் சுடுகிறவர்கள் எல்லாம் கீழே புதரிலும் சேற்றிலும் நிற்க, அவர் மேலே ராஜா மாதிரி நிற்பார். பன்றி வரும். அவர் சுடுவார். பன்றி திடுக்கிட்டு இறக்கத்தில் ஓடும். கீழே நிற்கிற டாங்க்மார் ஷில்பாக் அதை ஒரே வெடியில் சாய்ப்பார்.

"டேய் எக்கெ, பன்னி சாகறதுக்கு முன்னாடி உன்னை ரொம்ப விசாரிச்சுது. மேல ஒரு நல்ல மனுஷன் நிக்கறாரு, சத்தம் மட்டும் போடுவாரு, வேற தொந்தரவு இல்லேன்னு சொல்லுச்சு" என்பார் டாங்க்மார். மர அறுவை ஆலை முதலாளி, வேட்டைச் சங்கத்தின் தலைவர். அவர் சிரித்தால் மேஜையில் இருக்கும் பீர் கிளாசுகளும் சேர்ந்து குலுங்கும்.

எக்கெஹார்டும் சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கழிவறைக் கண்ணாடி முன்னால் வலது கண்ணையும் இடது கண்ணையும் மாறி மாறி மூடிப் பார்ப்பார். கண் சரியாகத்தான் இருந்தது. கண் டாக்டரும் அதையே சொன்னார். அப்படியானால் கோளாறு தன்னிடமே, தன் ஜாதகத்திலேயே இருக்கிறது என்று ரொம்ப நாளைக்கு முன்பே முடிவுகட்டிவிட்டார். அந்த வருத்தத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

நாற்காலியும் மேடும் அவருக்குக் கிடைத்தது அவருடைய துப்பாக்கியால். ஒற்றைக் குழல் வேட்டைத் துப்பாக்கி. குழலின் மேல் வெள்ளி எழுத்தில் 'பா. மெல்ஹோஸ், எர்லன்டால்' என்று பொறித்திருக்கும். பால்தசார் மெல்ஹோஸ் எக்கெஹார்டின் கொள்ளுத்தாத்தா. பக்கத்து ஸூல் நகரத்தில் துப்பாக்கி செய்த பெரிய பெயர்கள் எத்தனையோ உண்டு. எர்லன்டாலுக்கு இந்த ஒரு பெயர்தான். போர் முடிந்த நாற்பத்தைந்தாம் வருஷம் ரஷ்யர்கள் வந்து, வீட்டில் இருக்கும் ஆயுதத்தை எல்லாம் ஒப்படைக்காவிட்டால் தொலைத்துவிடுவோம் என்றபோது, எக்கெஹார்டின் தாத்தா இதை எண்ணெய்த் துணியில் சுற்றி, புகைபோக்கிக்குப் பின்னால் வைத்துச் செங்கல் அடுக்கிப் பூசிவிட்டார். பெர்லினில் சுவர் இடிந்த அடுத்த வருஷம் எர்லன்டாலில் இந்தச் சுவரும் இடிந்தது. துப்பாக்கி வெளியே வந்த அன்று விடுதியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு சாதாரண மனிதருக்கு அன்றிலிருந்து ஒரு மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது. அந்தத் துப்பாக்கியை வேறு யாரும் தொடக்கூடாது என்பதும் மரியாதையின் ஒரு பகுதி. அவரும் வேறு எந்தத் துப்பாக்கியையும் கையால் தொட்டதில்லை.

இந்த வருஷம் மரியாதை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சங்கம் காட்டோரத்தில் புது வேட்டை இல்லம் கட்டியது. அதற்குப் 'பால்தசார் மெல்ஹோஸ் இல்லம்' என்று பெயர் வைக்க முடிவானது. ஓக் பலகையில் பெயரைச் செதுக்கியும் ஆகிவிட்டது. திறப்பு விழாவில் கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கையைப் பற்றி எக்கெஹார்ட் அரை மணி நேரம் பேச வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அரை மணி நேரம் பேச அவருக்குத் தெரிந்த விஷயம் அரை நிமிஷத்துக்குக்கூடத் தேறாது. பிறந்தார், துப்பாக்கி செய்தார், செத்தார். சரி, ஆராய்ச்சி செய்துவிடலாம் என்று இறங்கினார்.

முதலில் ஸூல் நகரத்து அருங்காட்சியகம். அங்கே இருந்த மெலிந்த மனிதர் பழைய துப்பாக்கித் தொழிலாளர் பட்டியல்களை எல்லாம் புரட்டிவிட்டு, அப்படி ஒரு பெயரே இல்லை என்றார். எக்கெஹார்ட் மகிழ்ந்துபோனார். "பாரு, தொழிலாளர் சங்கத்துல சேர்ந்து பேர் வாங்கணும்கிற அவசியமே அவருக்கு இல்லை" என்றார் மனைவி ரோஸ்வித்தாவிடம்.

பிறகு கல்லறைத் தோட்டம். பாசியைச் சுரண்டினால் பால்தசாரின் கல்லில் ஒரு தராசு செதுக்கியிருந்தது. எக்கெஹார்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "தராசு! துல்லியம்! ஒரு மயிரிழை பிசகாத வேலை!"

ரோஸ்வித்தா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "எக்கெ, எங்க ஊர்ல மளிகைக் கடைக்காரர் கல்லறையிலயும் தராசுதான் இருக்கும்."

"மளிகைக் கடைக்காரன் எங்கே, மெல்ஹோஸ் எங்கே!"

"நான் எதுவும் சொல்லலப்பா. நான் உருளைக்கிழங்கு உரிக்கிறேன்."

அடுத்து அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கும் ஒரு பழம்பொருள் சேகரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அவரிடம் மெல்ஹோஸ் துப்பாக்கி எதுவும் இல்லை. ஆனால் அதே பெயர், அதே எழுத்து பொறித்த ஒரு காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் இருக்கிறது என்று படம் அனுப்பியிருந்தார். கூடவே, உப்பு மீன் பீப்பாய் மூடி ஒன்று. எக்கெஹார்ட் அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

"துப்பாக்கி மட்டும் இல்ல ரோஸ்வித்தா, இயந்திரம்கூட வடிவமைச்சிருக்காரு. பெரிய மேதை!"

"பீப்பாய் மூடி?"

"அது... மரவேலையும் தெரிஞ்சிருக்கு."

அவள் கத்தியைக் கீழே வைத்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் பார்க்கிற பார்வை அது.  என்ன சொல்லியிருந்தாலும் அவர் காதில் ஏறியிருக்காது.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில், துப்பாக்கியின் உள்பக்கத்தைப் படம் எடுத்துத் திரையில் காட்டினால் பிரமாதமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. சமையலறை மேஜையில் ஒரு போர்வையை விரித்து, மேதையின் கொள்ளுப்பேரன் திருப்புளியைக் கையில் எடுத்தார். இரத்தத்திலேயே இருக்கும் கலை, கை தானாக வழிகாட்டும் என்று நினைத்தார். கையும் வழிகாட்டியது. அடியிலிருந்த மரக்கட்டை கழன்றது, குழல் கழன்றது, விசை இருக்கும் பூட்டுப் பகுதியில் கடைசித் திருகாணியைத் திருகியதும் ஒரு வில்கம்பி டிங்கென்று எகிறி, கொதித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கு உருண்டைப் பாத்திரத்தில் போய் விழுந்தது.

"எக்கெ!"

"அசையாதே! கரண்டியைப் போடாதே! அது நூத்திப் பதினஞ்சு வருஷப் பழசு!"

"என் உருண்டை இன்னிக்குப் பண்ணினது! நகரு!"

துளைக்கரண்டியால் வில்கம்பியை அவளே எடுத்தாள். அவர் மறுபடியும் பொருத்திப் பார்த்தார். ஒரு ஆணி மிச்சமாயிற்று. மறுபடியும் கழற்றிப் பொருத்தினார். இரண்டு ஆணி மிச்சமாயிற்று. அப்போதுதான், குழலைத் திருப்பிப் பிடித்தபோது, கட்டை மூடியிருந்த அடிப்பக்கத்தில் சில சின்ன முத்திரைகள் கண்ணில் பட்டன. ஒரு மூவிலை, அதற்குள் ஓர் எழுத்து. கட்டையின் உள்குழியில் பென்சிலால் ஒரு பெயர். குழல் நுனியில் குறி பார்க்க வைத்திருக்கும் குறிமுள்ளின் அடியில் இன்னொரு பெயர். எங்கேயும் மெல்ஹோஸ் இல்லை. மெல்ஹோஸ் மேலே மட்டும்தான் இருந்தது, வெள்ளியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

 அன்று அவர் உருண்டையைத் தொடவே இல்லை.

துப்பாக்கியை வெளியே கொண்டுபோனால் பூட்டிய பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். துண்டு துண்டாகக் கிடப்பதற்குத் தோதான பெட்டி அவரிடம் இல்லை. ரோஸ்வித்தாவின் பெரிய கேக் பெட்டிக்கு ஒரு சைக்கிள் பூட்டைப் போட்டு, குழலைத் தனியாக மீன்தூண்டில் பையில் திணித்து, அதன் ஜிப்புக்கும் ஒரு பூட்டு மாட்டி, கடைத்தெருவில் நடந்தார். வழியில் மூன்று பேர், யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்கள்.

அவர் போய் நின்ற துப்பாக்கிக் கடை யோலான்த்தேயுடையது. நாற்பது வயது, துப்பாக்கித் தொழிலில் மாஸ்டர் பட்டம் வாங்கியவள், அந்தப் பட்டத்தைச் சுவரில் இரண்டு இடத்தில் மாட்டியிருப்பவள். அடக்கம் என்ற வார்த்தை அந்தக் கடைக்குள் நுழைந்ததே இல்லை. அவளுக்கும் கார் கற்றுக்கொடுத்தவர் எக்கெஹார்ட்தான்.

"என்ன மெல்ஹோஸ் ஐயா, துப்பாக்கிய விபத்துல மாட்டிவிட்டீங்களா?"

"பொருத்திக் கொடு. அப்புறம்... இந்த முத்திரை எல்லாம் என்னன்னு சொல்லு."

அவள் கண்ணில் உருப்பெருக்கியைச் செருகி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சிரித்தாள்.

"ஐயா, உங்களுக்குத் தெரியாததா? இந்தப் பள்ளத்தாக்குல எவன் முழுத் துப்பாக்கி செஞ்சான்? ஒரு வீட்டுல குழல், இன்னொரு வீட்டுல கட்டை, மூணாவது வீட்டுல குறிமுள்ளும் சித்திரமும். அவனவன் தன் அடையாளத்தை வாங்கறவன் கண்ணுல படாத இடத்துல போட்டுக்குவான். கடைசில எல்லாத்தையும் சேர்த்து, காசு கொடுத்த கடைக்காரன் பேரை மேல பொறிச்சுடுவாங்க."

எக்கெஹார்டுக்குத் தெரியும். எர்லன்டாலில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அவரே எத்தனையோ முறை இதை விளக்கியிருக்கிறார். ஆனால் எர்லன்டாலில் பிறந்த எல்லோருமே, தங்கள் வீட்டில் இருக்கிற துப்பாக்கி மட்டும் அப்படி இல்லை என்று நம்புகிறவர்கள்.

"அப்ப எங்க கொள்ளுத்தாத்தா..."

"கடைக்காரர். உப்பு மீன், காப்பி, ஆணி, துப்பாக்கி. எல்லாத்துலயும் பேர் போட்டிருக்காரு, ஆசைக்காரர்! அடடா, இந்த மூவிலை யாரோடதுன்னு தெரியுதா? ஐயா? இன்னொரு விஷயம் இருக்கு, இந்தக் கட்டையப் பாருங்களேன்... ஐயா! எங்கே போறீங்க?"

அவர் துண்டுகளை வாரிக் கேக் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்னொரு விஷயத்தைக் கேட்கும் தெம்பு அவரிடம் இல்லை. தெருவில் நடக்கும்போது அவர் நினைப்பு முழுக்க நாற்காலி மேல்தான். இந்தப் பெயர் போனால் தன்னிடம் மிச்சம் என்ன? சுடத் தெரியாத ஒரு கிழவன். அப்படிப்பட்டவனுக்குக் கொம்புக்குக் கீழே எதற்கு இடம்? கதவுப் பக்கம், குளிர்காற்று அடிக்கிற ஓரத்தில் ஒரு முக்காலி போட்டால் அதுவே தர்மம்.

காலையில் ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தார், கடிக்கவில்லை.

"பேசாம உடம்பு சரியில்லன்னு சொல்லிப் படுத்துடவா?" என்றார்.

"படுத்துக்கோ. அடுத்த வருஷமும் அந்தப் பலகைக்குக் கீழதானே நுழையணும்? ஒவ்வொரு தடவையும் நோய் வருமா?"

"யோலான்த்தே வெளிய சொல்ல மாட்டா."

"நீ சொல்லிக்கிட்டே இருப்ப. எனக்கு. தூக்கத்துல. நேத்தே உப்பு மீன் உப்பு மீன்னு முனகின." அவள் அவர் தட்டிலிருந்து ரொட்டியை எடுத்துக் கடித்தாள். "எக்கெ, நான் உன்னைத் துப்பாக்கிய பார்த்தா கட்டிக்கிட்டேன்? அது அப்ப சுவத்துக்குள்ள இருந்துச்சு."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெண்ணெய் இருவர் கையிலும் ஒட்டியது.

ஞாயிறு பகல் புது இல்லம் நிரம்பி வழிந்தது. வெளியே பன்றி இறைச்சித் தொத்திறைச்சி தணலில் சீறிக்கொண்டிருந்தது. வாசலுக்கு மேலே பெயர்ப் பலகையைப் பச்சைத் துணி மூடியிருந்தது. உள்ளே முன்வரிசையில் மூலை மேஜைக் கூட்டம்: டாங்க்மார், அவர் பக்கத்தில் வாய்ப்பேச்சில் யாரிடமும் தோற்காத தச்சர் ரைன்ஃப்ரீட் ஹைன், அதற்கடுத்து எதற்கெடுத்தாலும் கோபப்படும் ஓய்வுபெற்ற தபால்காரர் உட்ஸ் கோபர். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு யோலான்த்தே.

எக்கெஹார்ட் கேக் பெட்டியை மேஜை மேல் வைத்ததும் கைதட்டல் எழுந்தது. நிறையப் பேர் கேக்கை எதிர்பார்த்தார்கள்.

"நண்பர்களே," என்று ஆரம்பித்தார்.  "எங்க கொள்ளுத்தாத்தா வாழ்க்கையில ஒரு துப்பாக்கிகூடச் செஞ்சதில்லை. அவர் உப்பு மீன் வித்தாரு."

சிரிப்பு கூரையைத் தூக்கியது. உட்ஸ் தொடையில் தட்டிக்கொண்டார். "போடு! இதான் ஆரம்பம்!" என்று ரைன்ஃப்ரீட் கத்தினார்.

முப்பது வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து பொய் சொன்னவர்களிடம் உண்மையைச் சொன்னால் இதுதான் கதி. அந்த மேஜையில் வேட்டைக் கதை சொன்னால் குறுக்குக் கேள்வி கிடையாது, சாட்சி கிடையாது. அப்படியே பழகிவிட்டார்கள். எக்கெஹார்ட் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இன்னும் இரண்டு முறை சிரித்தார்கள். கடைசியில் அவர் சைக்கிள் பூட்டைத் திறந்து, துண்டுகளை ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினார். குழலைத் தலைகீழாகப் பிடித்து முன்வரிசையிடம் நீட்டினார்.

"டாங்க்மார், இதைப் பாரு. இது யாரு முத்திரை?"

டாங்க்மார் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. மூவிலை, உள்ளே ஓர் எழுத்து. அவர் வீட்டு வாசல் நிலைக்கல்லில் இருக்கும் அதே மூவிலை. தங்கள் வம்சம் கோமகனின் வனத்துறையில் தலைமை வகித்ததென்றும், இது கோமகன் கொடுத்த குலச்சின்னம் என்றும் அவர் ஊருக்கே சொல்லி வைத்திருந்தார். விரல் மோதிரத்திலும் அதையே பொறித்திருந்தார். இப்போது அந்த விரலைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"குழல் அடிக்கிற வீடு" என்று பின்னாலிருந்து யோலான்த்தே உரக்கச் சொன்னாள். "ஓடையோரமா வாடகைக் கொட்டகை வெச்சு ராவும் பகலும் அடிச்சாங்க. அருமையான வேலை!"

"கட்டைக்குள்ள ஹைன்னு எழுதியிருக்கு" என்றார் எக்கெஹார்ட். "குறிமுள்ளுல கோபர். துப்பாக்கி உங்க மூணு பேரோடது. எங்களோடது மேல இருக்கிற பேர் மட்டும்தான். அவ்வளவுதான், நான் சொல்ல வந்தது." சொல்லிவிட்டு, மேஜையை விட்டு நகர்ந்து, கதவோரமாகப் போய் நின்றுகொண்டார்.

 பிறகு ரைன்ஃப்ரீட் எழுந்து கட்டையைக் கையில் எடுத்தார். தடவினார். "எங்க பாட்டனா?" என்றார். கண்ணில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. உட்ஸ் குறிமுள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். டாங்க்மார்கூட விரலைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, கோமகனை அந்த இடத்திலேயே கைகழுவிவிட்டார்.

"எங்க குழல்னு எனக்கு எப்பவோ தெரியும். பார்த்தாலே தெரியலையா அந்த வேலைப்பாடு?"

"குழலா? கட்டைதான்யா துப்பாக்கி! குழல் வெறும் குழாய்!"

"குறிமுள் இல்லாம ரெண்டு பேரும் எதைப் பார்த்துச் சுடுவீங்க?" என்று உட்ஸ் எகிறினார்.

மூன்று குடும்பமும் ஒரே துப்பாக்கியைப் பிய்த்துக்கொண்டிருக்கையில் யோலான்த்தே முன்னால் வந்து, ரைன்ஃப்ரீட் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கினாள்.

"பெருமை பேசறதுக்கு முன்னாடி அந்த இன்னொரு விஷயத்தையும் கேளுங்க. மெல்ஹோஸ் ஐயா அன்னிக்குக் கேக்காம ஓடிட்டாரு. இந்தத் துப்பாக்கி நேரா சுடாது."

"என்னது?" என்றார் எக்கெஹார்ட் கதவோரத்திலிருந்து.

"மரம் குழலை ஒரு பக்கமா அழுத்துது. ஈரக் காத்து அடிச்சா மரம் ஊதும், இன்னும் அழுத்தும். ஒரு நாள் ஒரு சாண் தள்ளிப் போகும், இன்னொரு நாள் ரெண்டு சாண். எவனாலயும் இதை வெச்சு ஒண்ணையும் அடிக்க முடியாது."

உடனே கட்சி மாறிற்று. துப்பாக்கி என்னுடையது என்று கத்தியவர்கள், இப்போது கோணல் உன்னுடையது என்று கத்தினார்கள்.

"ஹைன் வீட்டுக் கட்டைதான் கோணல், எங்க குழல் நேரா இருக்கு!"

"உங்க குழலுக்கு இடம் விட்டுத்தான் எங்க ஆளு செதுக்கியிருப்பாரு, குழல்தான் தடி!"

"ரெண்டு பேரும் கோணல், பாவம் எங்க முள்ளு என்ன பண்ணும்!"

"நாப்பத்தஞ்சு வருஷம் புகைபோக்கிக்குப் பின்னாடி கிடந்தா எந்த மரமும் கோணும்!" என்றார் ரைன்ஃப்ரீட் கடைசி அஸ்திரமாக.

"அதுவும் கிடையாது" என்றாள் யோலான்த்தே. "உள்ள பாருங்க. ஒரு தோல் துண்டு, அதுமேல ஒரு பித்தளைத் தகடு, அதுமேல இன்னொண்ணு. எல்லாம் அந்தக் காலத்துப் பசை. ஒருத்தர் வாங்கிட்டுப் போயிருக்காரு, திரும்பக் கொண்டுவந்திருக்காரு. சரி பண்ணியிருக்காங்க. இன்னொருத்தர் வாங்கிட்டுப் போயிருக்காரு, அவரும் கொண்டுவந்துட்டாரு. கடைக்காரர் கடைசில வெறுத்துப்போய் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. விக்காத சரக்கு!"

பால்தசார் தன் தலைசிறந்த படைப்பைக் குடும்பத்துக்காக வைத்துக்கொண்டார் என்று முப்பது வருஷமாக நம்பியவர்கள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்கள்.

எக்கெஹார்ட் அசையாமல் நின்றார். அவமானம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. அதற்குப் பதிலாக பெர்லின் சுவர் இடிந்த அடுத்த வருஷத்திலிருந்து தவறிய ஒவ்வொரு பன்றியும், ஒவ்வொரு மானும், சாவகாசமாக நடந்துபோன அந்த ஒரு நரியும் வரிசையாக அவர் முன்னால் வந்தன.

"அப்ப... நான் இல்லையா?" என்றார். "நான் இல்லையா? துப்பாக்கியா?"

"ஐயா, இதை வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் தாக்குப்பிடிச்சிருந்தாலே நான் உங்களுக்குப் பதக்கம் குடுப்பேன்."

ரோஸ்வித்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவளுக்கே புரியவில்லை.

முதலில் சுதாரித்தவர் டாங்க்மார்தான். பன்றிகள் யாரிடம் தப்பித்து யாரிடம் போய்ச் சேர்ந்தன என்ற கணக்கு அவர் மண்டையில் ஓடிவிட்டது. அவர் வீட்டுச் சுவர் முழுக்கப் பன்றித் தந்தங்கள், சங்கத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை என்ற பேர், எல்லாம் அந்த மேட்டிலிருந்து இறங்கி வந்தவை. குரலில் தேன் ஒழுக எழுந்து நின்றார்.

"நண்பர்களே! எக்கெ! இதனால எதுவும் மாறக் கூடாது. பாரம்பரியம்னு ஒண்ணு இருக்கு. உன் நாற்காலி உன்னோடதுதான். உன் மேடும் உன்னோடதுதான். இந்தத் துப்பாக்கியும் உன்கிட்டயே இருக்கணும். அதோடயே நீ வேட்டைக்கு வரணும். அது ஒரு மரியாதை!"

"மேடு எனக்கே இருக்கட்டும்" என்றார் எக்கெஹார்ட். முப்பது வருஷத்தில் முதன்முறையாக அவர் குரல் அந்தக் கூட்டத்தில் நிதானமாகக் கேட்டது. "துப்பாக்கியப் பத்தி யோசிக்கலாம்."

பெயர்ப் பலகை என்ன ஆவது என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. மூன்று குடும்பப் பெயரையும் போடலாம் என்றார்கள். யார் பெயர் முதலில் என்பதில் தொத்திறைச்சி கருகும் வரை சண்டை. முடிவில் உட்ஸ், "செதுக்கினது செதுக்கினதாவே இருக்கட்டும், மூணு பேர் போட்டா கூரைய மறைக்கும்" என்று சொல்ல, பச்சைத் துணியை இழுத்துவிட்டார்கள். உப்பு மீன் வியாபாரி பால்தசார் மெல்ஹோஸ் தன் கடைசி விளம்பரத்தையும் இலவசமாக வாங்கிக்கொண்டார்.

நவம்பர் விரட்டு வேட்டை அன்று மூடுபனி, ஈரம், மரம் ஊதுவதற்கு உகந்த நாள். எக்கெஹார்ட் மேட்டில் யோலான்த்தே இரவல் கொடுத்த துப்பாக்கியோடு நின்றார். முந்தைய இரண்டு வாரமும் சுடுதளத்தில் பழகியிருந்தார். ஆனாலும் தாளில் ஓட்டை போடுவதும் இதுவும் ஒன்றா? கீழே டாங்க்மார் வழக்கமான இடத்தில், வழக்கம்போல மேலிருந்து வெடிச்சத்தம் கேட்கவும் பன்றி இறங்கவும் காத்திருந்தார்.

நாய்கள் குரைத்தன. புதர் விலகியது. கறுப்பாக ஓர் ஆண் பன்றி, வயசானது, பாறைக்குப் பக்கத்தில் வந்து ஒரு கணம் நின்றது. கார் ஓட்ட வருகிறவர்களிடம் சொல்வதையே எக்கெஹார்ட் தனக்குச் சொல்லிக்கொண்டார்: அவசரப்படாதே, மூச்சை விடு, பார்க்கிற இடத்துக்குத்தான் போவாய். சுட்டார்.

வெடிச்சத்தம் கேட்டது. டாங்க்மார் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். காத்திருந்தார். பன்றி வரவில்லை. இன்னும் காத்திருந்தார். மேலே ஒரு மனிதன் "விழுந்துடுச்சு! ரோஸ்வித்தா, விழுந்துடுச்சு!" என்று காடு அதிரக் கத்துவதுதான் கேட்டது. ரோஸ்வித்தா இரண்டு கிலோமீட்டர் தள்ளி பட்டாணி சூப் கிண்டிக்கொண்டிருந்தாள்.

வேட்டை முடிந்ததும் சுட்ட மிருகங்களைப் பைன் கிளைகள் மேல் வரிசையாகக் கிடத்தினார்கள். ஊதுகொம்பு ஊதியது. சுட்டவனுக்கு வேட்டைத் தலைவர் ஒரு சின்னப் பைன் கிளையை விலங்கின் இரத்தத்தில் தொட்டு, தொப்பி மேல் வைத்து நீட்டுவார். வேட்டைக்காரர்கள் அதை இரத்தம் என்று சொல்ல மாட்டார்கள், வேர்வை என்பார்கள். வேட்டைத் தலைவர் டாங்க்மார். அவர் தன் தொப்பியைக் கழற்றி, அதன் மேல் கிளையை வைத்து நடந்து வந்தார். முகம் புளித்துப்போய் இருந்தது.

"வேட்டை வாழ்க" என்றார்.

பதிலுக்கு, 'வேட்டைக்கு நன்றி' என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொல்லி எக்கெஹார்ட் முப்பது வருஷம் கேட்டிருக்கிறார். தன் முறை வந்ததும் அதைச் சொல்லவே மறந்துபோனார். கிளையை எடுத்துத் தன் தொப்பியில் செருகப் பார்த்தார், கிளை நழுவிக் கீழே விழுந்தது. டாங்க்மார் குனிந்து எடுத்தார். முகத்தைத் தூக்கிப் பார்த்தவர், எதிரே நிற்கிற மனிதன் அழுவதைப் பார்த்துவிட்டு, தானே அந்தக் கிளையை அவர் தொப்பியில் செருகிவிட்டார். சரியாக நிற்கிறதா என்று ஒருமுறை திருத்தியும் விட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டேய் எக்கெ. அந்தப் பழைய துப்பாக்கி. குழல் எங்க வீட்டோடதுதானே? எங்க பாட்டன் கையால அடிச்சது. அதை எனக்குக் கொடுத்துடேன்."

எக்கெஹார்ட் மூக்கைச் சிந்திக்கொண்டு யோசித்தார்.

"தர்றேன். கட்டையும் முள்ளும் சேர்த்தே தர்றேன். ஆனா அது சுவத்துல மாட்டறதுக்கு இல்ல, டாங்க்மார். பாரம்பரியம்னு ஒண்ணு இருக்கு. அடுத்த வருஷம் அதை எடுத்துட்டு நீ மேட்டுல நில்லு. நான் கீழ நிக்கிறேன்."